மிச்சம் பிடித்த காசு எங்கே?

வாசகர் கேள்வி, 23.08.2023, இரவு

இன்று மாலை இந்தியாவின் சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். நான் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்காரன். 2014ஆம் ஆண்டுக் கடைசியில் எங்கள் பகுதிக் கிணறுகளில் வாளியை விட்டால் எண்ணெய்ப் படலத்தோடுதான் மேலே வந்தது. அந்தக் கிணற்றை இன்னும் நம்பிக் குடிக்க முடியவில்லை. நிலவில் போய்த் தண்ணீர் தேடுகிறவர்களுக்குப் பூமியில் கெட்டுப்போன தண்ணீர் கண்ணில் படாதா? வறிய நாடுகளுக்கு இந்த விளையாட்டு எதற்கு? யாராவது நியாயம் சொல்லுங்கள்.

24.08.2023, காலை

நியாயம் சொல்லும் தகுதி எனக்கில்லை. உரும்பிராயில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். நேற்று 6.04க்கு அது இறங்கும்போது என் மேசையில் கோப்பாய்த் தோட்டக்காரர் ஒருவரின் பம்ப் பிரித்தபடி கிடந்தது. கைபேசியை மண்ணெண்ணெய்ப் பேணியில் சாய்த்து வைத்திருந்தேன். திரையில் ஒரு கோடு கீழ்நோக்கி வளைந்துகொண்டே போனது. நான் ஸ்பானரைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். இறங்கிய செய்தி வந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "இறங்கிவிட்டதல்லவா? சரி, இனி என்னுடையதைப் பாரும் தம்பி. நல்லூரில் மூன்றாம் திருவிழா, நான் போகவேண்டும்."

உண்மையைச் சொன்னால் நானும் உங்கள் பக்கம்தான். 615 கோடி இந்திய ரூபா, எங்கள் காசில் 240 கோடி. அந்தக் காசில் வலிகாமத்தின் எத்தனை கிணறுகளைத் துப்புரவாக்கலாம்!

24.08.2023, மதியம்

மேலே ஒரு சைபர் விழுந்துவிட்டது. 240 அல்ல, ஏறத்தாழ 2,400 கோடி இலங்கை ரூபா. பற்றுச்சீட்டு எழுதும்போதும் எனக்கு இதே வியாதிதான்.

எழுதிய கையோடு இன்னொரு கணக்கும் போட்டேன். 140 கோடி சனத்துக்குப் பிரித்தால் ஆளுக்கு நாலரை இந்திய ரூபாகூட வராது, எங்கள் காசில் 17 ரூபா. என் கடைக்கு எதிரே ஒரு வெறுந்தேத்தண்ணீர் அதற்குக் கிடைக்காது. காலையில் எழுதியதில் இருந்த சூடு கொஞ்சம் ஆறிவிட்டது.

26.08.2023

இரண்டு நாளாக ஒரே யோசனை. இந்தியாவை விடுங்கள், எங்கள் நாட்டை எடுத்துக்கொள்வோம். இலங்கை நிலவுக்கு ஒரு செங்கல்லைக்கூட அனுப்பவில்லை, அனுப்பப் போவதுமில்லை. அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக நாங்கள் அனுப்பாமல் மிச்சம் பிடித்த காசு எங்கே போனது? சுன்னாகத்துக் கிணற்றுக்கு வந்ததா?

மத்தள விமான நிலையம் 2013இல் திறக்கப்பட்டது. செலவு 20 கோடி 90 இலட்சம் டொலர், பெரும்பங்கு சீனக் கடன். சந்திரயான்-3இன் செலவு டொலரில் ஏழரைக் கோடிக்குக் கிட்ட. அதாவது ஒரு மத்தளவின் விலையில் கிட்டத்தட்ட மூன்று தடவை நிலவுக்குப் போயிருக்கலாம். விமானங்கள் வராமல் அங்கே ஒரு கட்டத்தில் நெல் களஞ்சியப்படுத்தினார்கள். நெல்லுக்கு உலகிலேயே விலை கூடிய அட்டுவம் அதுவாகத்தான் இருக்கும்.

போர் முடிந்து 14 ஆண்டுகள் ஆகிவிட்டன. பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கும் தொகை இன்றும் கல்வி அமைச்சுக்கு ஒதுக்குவதைவிடப் பெரியது. கடந்த ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. அந்த மாதம் என் கடைக்கு வந்த இயந்திரங்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். தோட்டக்காரர்கள் இறைப்பதைக் குறைத்தார்கள், படகுக்காரர்கள் கரையில் குந்திக்கொண்டிருந்தார்கள். அதற்கும் நிலவுக்கும் என்ன தொடர்பு?

ஆகவே என் கட்சி இப்போது இதுதான்: ஓரிடத்தில் செலவழிக்காத அரசாங்கக் காசு, மற்ற இடத்துக்குத் தானாக நடந்து போவதில்லை. அதற்கு ஆள் பிடித்து இழுக்கவேண்டும்.

26.08.2023, இரவு

கனடாவிலிருந்து ஒருவர் "செயற்கைக்கோள்" என்று எழுதச் சொல்கிறார். அது தமிழகத்துச் சொல். நாங்கள் பாடப் புத்தகத்தில் படித்தது செய்மதி. செய்த மதி. நான் செய்மதி என்றுதான் எழுதுவேன். கோள் வேண்டுமென்றால் சாத்திரியாரிடம் கேளுங்கள்.

29.08.2023

கரவெட்டியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "வயிறு நிறைந்தவனுக்குத்தான் வானம் தெரியும்" என்று எழுதியிருக்கிறார். சேர், மன்னிக்கவேண்டும். எனக்கு வானம் தெரிந்தது வயிறு நிறையாத காலத்தில்தான்.

1990இல் எங்கள் வீட்டு மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது எனக்கு மீசை முளைத்திருந்தது. மண்ணெண்ணெய்க்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு எண்ணெய், நூல்போல ஒரு திரி. அந்த விளக்கில் நான்கு பேர் படித்தோம். எட்டு மணிக்கு அதையும் அணைத்துவிட்டு வளவில் பாய் போட்டுப் படுப்போம். அப்படி ஒரு வானத்தை நான் பிறகு காணவில்லை. குடாநாடு முழுவதும் இருட்டு, மேலே வெள்ளிகள் கொட்டிக் கிடக்கும்.

ஒரு நாள் ஒரு வெள்ளி நகர்ந்து போனது. அம்மம்மா பதறி எழுந்து "பொம்பர்!" என்றார். அப்பா எழும்பவில்லை. "சத்தம் இல்லாமல் போனால் செய்மதி, சத்தத்தோடு வந்தால் பங்கர். படுங்கள் மாமி" என்றார். பங்கர் என்றால் குண்டுக்குப் பயந்து பதுங்கும் குழி. பிறகு நானும் தங்கையும் அதை ஒரு விளையாட்டாக்கி, ஓர் இரவில் யார் அதிகம் எண்ணுவது என்று போட்டி வைத்தோம். பங்கர் வாசலுக்குக் கிட்டப் படுப்பவருக்கு வானம் குறைவாகத் தெரியும், அதனால் அந்த இடத்துக்கு இருவரும் போகமாட்டோம். அம்மாவுக்கு ஆத்திரம்.

இந்தியாவின் ரொக்கட் ஏவுதளமான தும்பாவில் ஆரம்ப நாட்களில் ரொக்கட்டின் கூம்பைச் சைக்கிளில் கொண்டுபோகும் படத்தை எல்லோரும் அதிசயமாகப் பகிர்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதில் என்ன அதிசயம்? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். பிபிசி தமிழோசை முடியும்போது எனக்குத் தோள்மூட்டு கழன்றுவிடும். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம், சூப்பிப் போத்தலால் இரண்டு துளி பெற்றோல் காட்டிக் கிளப்பினால் போதும். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்தச் சூப்பியால்தான்.

எங்கே தொடங்கி எங்கே வந்துவிட்டேன். சொல்ல வந்தது: பசியும் வானமும் ஒரே பாயில் படுத்திருந்தவைதான்.

30.08.2023

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அழகாக இருக்கிறது, ஆனால் பதில் அல்ல. வானத்தைப் பார்ப்பதற்குக் காசு வேண்டாம். 615 கோடி பற்றித்தான் கேள்வி.

01.09.2023

சுன்னாகத்துக்காரர் மறுபடியும் எழுதியிருக்கிறார். நான் காசைப் பற்றியே பேசுகிறேனாம். நிலவில் இயந்திரத்தை இறக்கத் தெரிந்த நாட்டில் இன்னும் மனிதர்கள் கழிவுநீர்க் குழிக்குள் இறங்கி நச்சுவாயுவில் சாகிறார்கள், அது காசில்லாமலா என்று கேட்கிறார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. குழிக்குள் இறக்க ஓர் இயந்திரம் செய்வது நிலவில் இறக்குவதைவிடக் கடினமா என்ன? யார் உயிருக்காகச் சிறந்த மூளைகள் வேலை செய்கின்றன என்பதுதான் விடயம். கையால் மலம் அள்ளுவதை இந்தியா 1993இலும் பிறகு 2013இலும் சட்டம் போட்டுத் தடுத்தது. 2013, அதே ஆண்டு நவம்பரில்தான் மங்கள்யான் செவ்வாய்க்குப் புறப்பட்டது. மங்கள்யான் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த ஒன்றில் என் கட்சி தோற்றுவிட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

03.09.2023

ஞாயிறு. தங்கையின் மகள் வந்திருந்தாள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்தவள், பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கிறாள். விண்வெளிப் பொறியியல் படிக்க வெளிநாடு போக ஆசை. நான் பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன்: "பிள்ளை, தண்ணீர் பற்றிய படிப்பைப் படி. ஊருக்குப் பயன்படும்."

அவள் என் கையிலிருந்த பம்ப்பைப் பார்த்தாள். "மாமா, நீங்கள் 20 ஆண்டுகளாகத் தண்ணீர் வேலைதானே செய்கிறீர்கள்? இயந்திரத்தைத் திருத்தித் திருத்திக் கொடுத்தீர்கள். கிணறு திருந்தியதா?"

தங்கை அவளை அதட்டினாள். நான் தேத்தண்ணீரைக் குடித்தேன்.

பிறகு கைபேசியில் ஒன்றைக் காட்டினாள். 2002இல் கிரேஸ் என்று இரண்டு செய்மதிகளை அனுப்பினார்கள். ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் 220 கிலோமீற்றர் தூரம். நிலத்துக்குக் கீழே தண்ணீர் குறைந்தால் அந்த இடத்தின் ஈர்ப்பு ஒரு துளி குறையும், இரண்டுக்கும் இடையிலான தூரம் ஒரு மயிரிழை மாறும். அதை அளந்தே நிலத்தடி நீரை நிறுக்கிறார்கள். வடமேற்கு இந்தியாவில் ஆறு ஆண்டுகளில் 109 கன கிலோமீற்றர் தண்ணீர் போய்விட்டதை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். நான் வாயைப் பிளந்துவிட்டேன். கிணற்றுக்குள் கயிறு விட்டு முடிச்சை எண்ணித் தண்ணீர் மட்டம் பார்க்கிறவன் நான்.

"அப்படியானால் எங்கள் குடாநாட்டுத் தண்ணீரையும் நிறுக்கலாமே?" என்று கேட்டேன்.

முடியாதாம். அதற்குத் தெரியும் ஆகச் சிறிய துண்டே இலங்கை முழுவதையும்விடப் பெரியதாம். குடாநாடு ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர். அந்தச் செய்மதிக்கு நாங்கள் இல்லை.

03.09.2023, இரவு

மேலே எழுதியதில் ஒரு கசப்பு வந்துவிட்டது, அது நியாயமில்லை. எங்கள் கிணற்றைப் பற்றித் தெரிந்துகொள்ளச் செய்மதியே வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்த விடயம்தான். கீழே சுண்ணாம்புக்கல், மேலே கொஞ்சம் செம்மண். ஆறு இல்லை. வழுக்கியாற்றை ஆறு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. மாரியில் விழும் மழைதான் எங்கள் முழு முதல். கல்லுக்குள் வெடிப்பும் பொந்தும் இருப்பதால் மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமலே கீழே போய்விடும். இரண்டு பரப்புச் சிறு காணிக்குள் கிணறும் இருக்கிறது, மலக்குழியும் இருக்கிறது. பக்கத்தில் வெங்காயத் தோட்டம், அதற்கு யூரியா. பிறகு தண்ணீரில் நைத்திரேற்று இருக்கிறது என்று கூட்டம் போடுவோம்.

06.09.2023

காசு பற்றி இன்னொன்று, இதை முன்பே எழுதியிருக்கவேண்டும். ஒரு சண்டையில் ஒரு மாதத்துக்கு என்னோடு பேசாமலிருந்த கிளிநொச்சி மைத்துனர்தான் ஞாபகப்படுத்தினார்.

யாழ்ப்பாணத்துக்குக் குழாய்நீர் தரும் திட்டத்துக்கு 2010இலேயே ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் கொடுத்துவிட்டது. காசு கையில். திட்டம், இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவருவது. கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள்: எங்கள் வயலுக்கே சிறுபோகத்தில் தண்ணீர் போதாது, உங்களுக்கு எப்படித் தருவது? மைத்துனருக்கு அங்கே நான்கு ஏக்கர். எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே சண்டை நடந்தது. நான் அவரைச் சுயநலக்காரர் என்றேன். அவர், "உங்கள் கிணற்றை நீங்களே கெடுத்துவிட்டு எங்கள் குளத்தில் வாளி விடுகிறீர்கள்" என்றார். இப்போது தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டுகிறார்கள், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். 13 ஆண்டுகள் போய்விட்டன.

ஆகவே காசை மிச்சம் பிடித்து, ஆள் பிடித்து இழுத்துக் கொண்டுவந்தாலும் தண்ணீர் வந்துவிடாது போலிருக்கிறது. 26ஆம் திகதி நான் முழங்கியதை இந்த அளவுக்குத் திருத்திப் படிக்கவும்.

மைத்துனர் சொன்னது சரி என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

09.09.2023

கரவெட்டி ஆசிரியர் கேட்கிறார்: விண்வெளிச் செலவால் எங்கள் ஊரில் ஓர் உயிராவது பிழைத்ததா?

புயலைச் சொல்கிறேன். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி ரயிலோடு போனது எல்லோருக்கும் தெரியும். இந்தக் கரையில் அப்பாவுக்கு அன்று 14 வயது. பனைகள் தலையில்லாமல் நின்றதைச் சாகும்வரை சொன்னார். புயல் வருவதை அவர்கள் அறிந்தது காற்று அடித்தபோதுதான். 2020 டிசம்பரில் புரவி வந்தபோது நாங்கள் மூன்று நாள் முன்னதாகவே கூரையில் கல் ஏற்றிவிட்டோம். ஒடிசாவில் 1999இல் வந்த புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் வந்தபோது இறந்தவர்கள் ஐம்பதுக்குள். மேலே கண் இருந்ததால்.

அனுப்பும் முன்பு என்னையே மறித்தேன். மேலே கண் இருந்ததால் மட்டுமா? 1999க்குப் பிறகு அங்கே கரை நெடுகப் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் கட்டினார்கள், வீடு வீடாகப் போய் ஆட்களை ஏற்றினார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. எழுதக் கை வரவில்லை, நாளை எழுதுகிறேன்.

11.09.2023

2004 டிசம்பர் 26. சுமாத்திராவில் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் ஜேசன்-1 என்ற செய்மதி இந்து சமுத்திரத்துக்கு மேலே போனது. கடல்மட்டம் அளக்கும் செய்மதி, தற்செயலாக அந்த வழியில் அந்த நேரம். நடுக்கடலில் அலை ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் உயர்ந்து போவதை அது பதிந்தது. அந்தப் பதிவைப் பிரித்துப் படிக்க மணிக்கணக்கானது. அதற்குள் கரையோர மணற்காட்டில் என் மனைவியின் பெரியம்மா வீடு இல்லை.

நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேல். கண்டது மேலே இருந்தது. கீழே இருந்து யாரும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கவில்லை, எடுக்க ஓர் ஏற்பாடே இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. பசிபிக்கில் இருந்தது.

2019இல் அதே டிசம்பர் 26 அன்று யாழ்ப்பாணத்துக்கு மேலே கங்கண சூரிய கிரகணம் வந்தது. காலையில் கடற்கரையில் நினைவு விளக்கு ஏற்றிவிட்டு நின்றோம். நான் வெல்டிங் கண்ணாடி கொண்டுபோயிருந்தேன். பெரியம்மாவின் பேரன் வாங்கிப் பார்த்தான். கண்ணாடியைத் திருப்பித் தரவே மனமில்லை அவனுக்கு. எனக்கும் கேட்க மனமில்லை. இப்போதும் அவனிடம்தான் இருக்கிறது.

12.09.2023

இனிச் சிரிக்கவேண்டும். இலங்கை விண்வெளிக்கு ஒன்றும் அனுப்பவில்லை என்று பொருள்படும்படி எழுதிவிட்டேன், அது பிழை. நிலவுக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான். 2019இல் இராவணா-1 என்ற ஒரு கிலோ எடையுள்ள செய்மதி போனது. ஜப்பானில் படித்த எங்கள் நாட்டுப் பொறியியலாளர்கள் இருவர் செய்தது. என் பம்ப்பின் மூடியே அதைவிடப் பாரம். அடுத்த ஆண்டே, இராவணனின் விமானம் பற்றி ஆதாரம் வைத்திருப்போர் தரவும் என்று அரசாங்க விமானப் போக்குவரத்துத் துறை பத்திரிகையில் விளம்பரம் போட்டது. பறக்கும் விமானத்தை மத்தளவுக்கு வரவழைக்க முடியவில்லை, பறந்த விமானத்தையாவது தேடுவோம் என்று நினைத்திருப்பார்கள்.

15.09.2023

நேற்று நல்லூரில் தீர்த்தம். அமாவாசை, நிலவே இல்லை. ஒரு கைப்பிடி கச்சானோடு மருமகளும் (தங்கையின் மகள்தான்) நானும் நடந்து வந்தோம். அவள், "உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோய்ப் பரிசோதித்தேன் மாமா" என்று ஒரு துண்டை நீட்டினாள். நைத்திரேற்று லீற்றருக்கு 68 மில்லிகிராம். 50க்கு மேல் போகக்கூடாது. கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்தால் உடம்பு நீலம் பாயலாம்.

சுன்னாகத்துக்காரரே, உங்கள் கிணறுகளில் எண்ணெய் கலக்கவிட்ட மின் நிலையக்காரரை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள் உங்கள் ஊரார். 2019 ஏப்ரலில் 2 கோடி ரூபா இழப்பீடு என்று தீர்ப்பும் வந்தது. என் கிணற்றுக்கு யாரை நீதிமன்றத்துக்கு இழுப்பது? பின்வளவில் அரைப் பரப்பு வெங்காயம் என்னுடையது. 2021இல் அரசாங்கம் திடீரென்று இரசாயன உரத்தைத் தடுத்தபோது, கூடுதல் விலைக்குக் களவாக ஓர் அந்தர் யூரியா வாங்கிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்தவனும் நானே. தடையை ஆதரிக்கவில்லை, அது கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. ஆனால் அந்த உரத்தை எவ்வளவு போட்டேன் என்று எனக்குத் தெரியும். திணைக்களம் சொன்ன அளவைப்போல இரண்டு மடங்கு. வெங்காயம் நன்றாக விளைந்தது.

23.09.2023

நிலவில் 14 நாள் இரவு முடிந்து வெயில் ஏறிவிட்டது. நேற்று நிலவில் இறங்கிய விக்ரமையும், அதிலிருந்து இறங்கி ஓடிய சிறு வண்டி பிரக்யானையும் எழுப்பிப் பார்த்தார்கள். சைகை இல்லை. முதல் பகல் வேலைக்குத்தான் செய்தார்கள், எழும்பினால் லாபம் என்றார்கள். இருந்தும் எனக்கு மனது என்னவோ செய்தது. இரவுக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே நூறு பாகையைத் தாண்டும். பற்றரி எப்படித் தாங்கும்?

கோப்பாய்த் தோட்டக்காரர் அதே பம்ப்பை மறுபடியும் கொண்டுவந்துவிட்டார். புட் வால்வில் மண். நிலவில் கிடப்பதை யாரும் திருத்தப் போவதில்லை, இதைத் திருத்தலாம்.

சுன்னாகத்துக்காரரே, நேற்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி: கிணற்றை மூடிவிடவா, இன்னொரு தடவை பார்க்கவா? மூடவேண்டாம். ஞாயிறு காலை பெரிய இயந்திரத்தோடு வருகிறேன். அடிவரை இறைத்து, ஊறவிட்டு, இரண்டு போத்தலில் பிடிப்போம். மருமகளும் வருகிறாள், பரிசோதனை அவள் பொறுப்பு. கூலி வேண்டாம், மண்ணெண்ணெய் மட்டும் உங்களுடையது. மூன்று லீற்றர் வைத்திருங்கள். இறைக்கும் தண்ணீரைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள். அதை எங்கே விடுவது என்று நான் இன்னும் யோசிக்கவில்லை, அங்கே வந்து பார்ப்போம்.